தாத்தாவுக்கு எதற்கு லெவல் இரண்டு

பிள்ளைகளா, போன வாரம் வாட்ஸப்பில் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். “தாத்தா வீடியோ கால்ல நல்லாத்தானே இருக்காரு, பிறகு எதுக்கு லெவல் டூ?” சென்னையிலிருந்து ஒருத்தி, பெங்களூரிலிருந்து ஒருத்தன். வேறு எதிலும் உங்களை இப்படி ஒற்றுமையாக நான் பார்த்ததில்லை. மாதம் ஐயாயிரம் ரூபாய் உங்களை இவ்வளவு நெருக்கமாக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது செலவு வைத்திருப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். போனில் சொன்னால் பாதியிலேயே ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதும், என் அய்யா, உங்கள் தாத்தா, குளியலறையில் இரண்டாம் தடவை விழுந்ததும் ஒரே மாதத்தில். நான் விடியுமுன் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவேன். இடையில் மூன்றாம் தடவை விழுந்தால், தூக்க முடியாதவள் பக்கத்தில் இருப்பாள், தூக்க முடிந்தவன் தோட்டத்தில் இருப்பேன். அய்யாவை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமாகத் தேடலாம் என்று சொன்னது நான்தான். ஊரில் அது நீங்கள் சொன்னதாக இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

நீங்களும் சும்மா இல்லை. ஐந்து இடங்களைப் பட்டியல் போட்டு அனுப்பினீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கட்டம். நான் மருந்தடிக்கிற பம்பு வாங்கும்போது அதற்கும் நாலரை நட்சத்திரம் இருந்தது. மூன்றாம் நாள் ஒழுகியது. ஆனாலும் உங்கள் பட்டியலை மதித்து, முதலில் இருந்த இடத்துக்குக் கம்பம் வந்து பஸ் மாறித் தேனிப் பக்கம் போனேன்.

“முதியோர் இல்லம் இதானே?” என்று வாசலில் கேட்டேன். மேனேஜர் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்பிடிச் சொல்லாதீங்க சார். இது அசிஸ்டட் லிவிங்.” இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பில்லைப் பார்த்ததும் விளங்கியது.

சுவரில் ‘உங்கள் வீட்டைப் போலவே’ என்று எழுதியிருந்தார்கள். நம் வீட்டில் ஒரு டீக்கு மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும்; இங்கே கேட்காமலேயே வந்தது. அந்த அளவில் அது பொய். மாதக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம் என்று தாளின் முன்பக்கம் சொன்னது. அடங்காதவை பின்பக்கம் இருந்தன: டயாப்பர், மாத்திரை, ஆஸ்பத்திரிக்குத் துணை வருகிற ஆளின் கூலி, ஏசி கரண்ட், முன்பணத்தில் திரும்பி வராத ஒரு பகுதி. திராட்சை மண்டியில் பெட்டிக்கு இவ்வளவு, கழிவுக்கு இவ்வளவு, இறக்குக்கூலி இவ்வளவு என்று கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் வருகிற சீட்டை நாற்பது வருடம் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தத் தாள் சொந்தக்காரனைப் போல இருந்தது.

அதில்தான் மூன்று லெவல். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர் லெவல் ஒன்று, இருபத்திரண்டாயிரம். குளிக்க, உடுத்தக் கைத்துணை வேண்டியவர் லெவல் இரண்டு, இருபத்தேழாயிரம். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியவர் லெவல் மூன்று, முப்பத்தாறாயிரம். எந்த லெவல் என்பதை நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்லும். லெவல் ஒன்றுக்குத்தான் வருவோம் என்று நான் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை, முடிவு செய்வது என் வேலை.

அந்த வியாழக்கிழமை நர்ஸம்மா, உத்தமபாளையத்துப் பெண், அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பேனாவைத் திறந்தாள். நான் கவனித்திருக்க வேண்டியது அந்த இடம்தான்.

நம் தோட்டத்தில் வாய்க்காலை ஒட்டிய கடைசி வரிசை எப்போதும் நோஞ்சான். ரோட்டோரம் வெயில் படுகிற முதல் வரிசை செழிப்பு. மழையில் பழம் வெடித்த வருடங்களில் சேதம் எழுத அதிகாரி வந்தால், அய்யா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய துண்டோடு அவரைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போவார். விலை பேச வியாபாரி வந்தால் வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசைக்குக் கூட்டிப்போவார். வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு வகை ஆட்கள்தான் நம் வாசலுக்கு வந்தார்கள். இதில் பேனாவோடு வருகிறவர் அதிகாரி.

“தாத்தா, நீங்களா குளிச்சுக்கிருவீகளா?”

“எங்கன தாயி… ரெண்டு சொம்பு ஊத்துறதுக்குள்ள மூச்சு நின்னுபோகுது.”

“சாப்பாடு?”

“யாராச்சும் ஊட்டிவிட்டா உண்டு.” காலையில் ஆறு இட்லி சாப்பிட்ட வாய் அது.

“கண்ணு தெரியுதா?”

“நெழலா ஏதோ ஆடுது. நீயி ஆம்பளையா பொம்பளையான்னு கூட…”

“அய்யா!” என்றேன்.

“ஏலே, அந்தப் பிள்ளை எங்கிட்டத்தான கேக்குது?” என்று இருமிக் காட்டினார். அந்த இருமலை நான் கடைசியாகக் கேட்டது பயிர்க் காப்பீட்டுக்காரர் வந்தபோது.

அவள் எல்லாவற்றையும் அக்கறையாக எழுதிக்கொண்டாள். போகும்போது “பாவம்” என்றாள். லெவல் மூன்று.

ஸ்கூட்டி தெருத் திரும்பியதும் அய்யா எழுந்து உட்கார்ந்தார். “எம்புட்டுடா தருவாக?”

“அவுக தர மாட்டாக அய்யா. நாமதான் தரணும். மாசம் முப்பத்தாறாயிரம்.”

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். “கூறுகெட்ட பயலே, அவ வியாபாரின்னு முன்னாலயே சொல்றதுக்கென்ன?”

மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மேனேஜர் தம்பியிடம் கெஞ்சினேன். ‘அன்று உடம்பு முடியவில்லை’ என்று ஒரு பொய். அதற்குள் ஒரு வாரம் அய்யாவுக்குப் பாடம் எடுத்தேன். கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லுங்கள், நிமிர்ந்து நடங்கள், இருமாதீர்கள். நீங்கள் இன்டர்வியூவுக்குப் போனபோதுகூட நான் இவ்வளவு பாடுபடவில்லை.

அய்யாவுக்குப் பாடமே தேவைப்படவில்லை. வந்திருப்பது வியாபாரி என்று தெரிந்தால் போதும். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அவளை வாசலிலேயே நின்று வரவேற்றார். பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையால் தூக்கிப் போட்டார். படியில் ஏறி இறங்கிக் காட்டினார். தெருமுனையில் நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்தார். அதே நேரத்துக்கு அதே பஸ்தான் தினமும் வரும் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

“போன வாரம் நெழலாத்தான் தெரியுதுன்னீக?”

“அது போன வாரம் தாயி.”

அவள் சிரித்துவிட்டு, “சட்டையக் கழத்திட்டு மறுக்கப் போடுங்க பாப்போம்” என்றாள்.

அய்யா சட்டையைத் தலைவழியாக உருவினார். தலைவழியாகவே மாட்டினார். வேகமாகத்தான் செய்தார்.

“பொத்தானக் கழத்திப் போடுங்க.”

“அது எதுக்கு, வேலை மெனக்கேடு.”

அவள் விடவில்லை. அய்யா நடுப்பொத்தானைப் பிடித்தார். விரல் நழுவியது. மறுபடி பிடித்தார். கொடி கழிக்கிற கவாத்துக் கத்திரியை வைத்துக்கொண்டு ஒரு நாளில் ஒரு திராட்சைப் பந்தலையே முடித்த விரல்கள், ஒரு சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை நான் தெருவைப் பார்த்தேன்.

“தையக்காரன் ஓட்டையச் சின்னதா வச்சுட்டான்” என்றார் அய்யா.

“எல்லாச் சட்டையிலயுமா தாத்தா?”

“ஒரே தையக்காரந்தான்.”

அவள் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். “அண்ணே, லெவல் ஒண்ணுல தாத்தா குளிக்கப் போனா வெளிய ஆளு நிக்க மாட்டாக. ரெண்டுல நிப்பாக. அந்த அஞ்சாயிரம் அதுக்குத்தான். பொத்தானப் பிடிக்காத கை, வழுக்குனா கம்பியப் பிடிக்குமா? நீங்களே சொல்லுங்க, எதை எழுதட்டும்?”

ஒரு வாரமாக நான் சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்லவேளை, அய்யாவுக்குக் காது மட்டும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

“ரெண்டுன்னே எழுதிக்க தாயி. மூணும் பொய்யி, ஒண்ணும் பொய்யி” என்றார் உள்ளேயிருந்து.

அன்று மாலை உங்கள் அம்மாவிடம் பொத்தான் விஷயத்தைப் பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொன்னேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்தபடி, “ரெண்டு வருசமா நாந்தான் துவைச்சதும் பொத்தான மாட்டிக் குடுக்குறேன். மாமாதான் ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னாக” என்றாள். ஒரே வீடு, ஒரே கொடி, அதில் என் சட்டையும்தான் காய்கிறது. படிவத்தில் ‘உடன் வசிப்பவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், அழகாக.

அய்யா இப்போது அங்கே இருக்கிறார். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று போனவர், பக்கத்து அறைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதால் இன்னொரு மாதமும் இருப்பார் என்று தோன்றுகிறது. நீங்கள் வீடியோ காலில் வருகிறீர்கள் என்றால் வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. “எனக்கென்னப்பா, ராசா மாதிரி இருக்கேன்.” இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைக்கிறீர்கள். அவர் உங்களுக்குக் காட்டுவது முதல் வரிசை, பிள்ளைகளா. ஐயாயிரம் கடைசி வரிசைக்கு. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் லீவு போட்டு வந்து, குளியலறைக்கு வெளியே நின்று பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அய்யாவின் மிச்சச் சட்டைகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உங்கள் அம்மா முழங்காலை டாக்டரிடம் காட்டப் பக்கத்து வீட்டுக்காரியோடு உத்தமபாளையம் போயிருந்தாள். கொடியிலிருந்து ஐந்து சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டு, மேல் பொத்தான் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை மாட்டினேன். கடைசிச் சட்டையை என் தலைவழியாக மாட்டிப் பார்த்தேன். காதில் சிக்கிக்கொண்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை, சோப்பு வாசம் மட்டும். மெதுவாக உருவியெடுத்தேன். ஐந்து சட்டையிலும் மூன்றாவது பொத்தானையும் கழற்றிவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தேன்.