இரண்டாவது பலூன்

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அறிவியல் வாத்தியார், காற்றழுத்தம் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன். இந்தத் தகுதிகளோடுதான் ஒரு பலூன் வெடித்ததும் மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

ஆட்சி மாறியிருந்தது, கூலித் தகராறு மாறவில்லை. சம்பா முற்றிக் கதிர் சாய்ந்துவிட்டது. அன்று பேசி முடிக்காவிட்டால் நெல் வயலிலேயே கொட்டிவிடும். ஆண்டு விழாவுக்குப் பலூன் கட்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிரே விவசாயத் தொழிலாளர்கள், நடுவே தாசில்தார். பேச்சைக் குறித்துக்கொள்ள நான்.

காற்றில் ஆடிய பலூன் ஒன்று கூரைச் சட்டத்து ஆணியில் உரசியது. ‘டப்’.

“சுட்டுட்டாங்க” என்று அலறியது நான்தான். யார் சுட்டது என்று சொல்லவில்லை. அதனால் இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தை முறைத்தபடி எழுந்தன.

“துப்பாக்கியோடதான் பேச வந்தீங்களா?” என்றார் தொழிலாளர்களில் முன்னால் இருந்த ஓர் அம்மா.

“எங்களை ஏன் கேக்குற? உன் ஆளுங்களைக் கேளு” என்றார் மூத்த மிராசுதார்.

கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. போனால் திரும்பி வராது. மேஜைக்கு அடியிலிருந்தே ஒரு சிவப்பு ரப்பர் துணுக்கை நீட்டினேன். “பலூன்ங்க.”

ஒருவரும் நம்பவில்லை. பலூனுக்கு ஒளியும் அறிவியல் வாத்தியாரை நானும் நம்பியிருக்கமாட்டேன். வேறு வழியில்லாமல் வெளியே வந்து இன்னொரு பலூனை எடுத்து, எல்லாரும் பார்க்கக் குண்டூசியால் குத்தினேன். குத்துவது நான், வெடிக்கப்போவது தெரியும். இருந்தும் துள்ளிப்போய்த் தாசில்தார் மடியில் விழுந்தேன்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு மிராசுதார். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

“ஏன் சார், உள்ள இருந்தது நீங்க ஊதுன காத்துதானே? உள்ள போறப்ப சத்தமில்லையே, வெளிய வர்றப்ப மட்டும் என்ன?” என்று கேட்டார் அந்த அம்மா.

“உள்ள நெருக்கிப் பிடிச்ச காத்தும்மா. ஊசி பட்டா விறைச்ச ரப்பர் கண்ணிமைக்கறதுக்குள்ள கிழிஞ்சிடும். அடைபட்டதெல்லாம் ஒரே நொடியில விரிஞ்சு வெளிக்காத்தைத் தள்ளும். அந்தத் தள்ளுதான் காதுல அடிக்குது.”

“முடிச்சை அவுத்தா?”

“மெதுவாப் போகும். புஸ்ஸுன்னு.”

“அப்ப முதல்ல எல்லாத்தையும் அவுத்து விடுங்க” என்றார் அந்த அம்மா, மிராசுதாரைப் பார்த்து. “எங்களுக்காக இல்ல. சாருக்காக.”

மிராசுதார் நாற்காலிமேல் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, அந்த அம்மா முடிச்சுகளை அவிழ்த்தார். சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாள் அறுவடை. ஒப்பந்தத்தை எழுதியது நான்தான். கை நடுங்கியதில் யாருக்கும் புரியாமல், தாசில்தார் இன்னொரு பிரதி எழுதவேண்டியதாயிற்று.