முட்டை என்று நான் கிளப்பிவிட்ட கல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். நான் பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கூடவே ஊர்ச் செய்திகளுக்கென்று சமூக வலைதளத்தில் ஒரு பக்கமும் நடத்திவந்தேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அரியலூர் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குத் தூரத்து உறவில் ஓர் அக்கா. தனி ஆளாக இரண்டு ஏக்கர் பருத்தி போட்டிருந்தார். வயலோரம் பண்ணைக்குட்டை வெட்டியபோது பந்து மாதிரி நாலைந்து கற்கள் கிடைத்தன. "இது என்ன கல்லுன்னு யாராச்சும் தெரிஞ்சவங்கள கேட்டுச் சொல்லு தம்பி" என்று போட்டோ அனுப்பினார்.

எங்கள் பக்கம் மண்ணைத் தோண்டினால் கடல் சங்கு கல்லாகி வரும். அதனால் உருண்டையாக எது கிடைத்தாலும் எங்களுக்கு டைனோசர் முட்டைதான். நானும் யாரையும் கேட்காமல், டைனோசர் முட்டை கிடைத்திருக்கிறது என்றே என் பக்கத்தில் போடத் தீர்மானித்தேன்.

ட்ரெண்டிங் எப்படி வருகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது பெரிதில்லை. வழக்கமாக யாரும் பேசாத ஒன்றைத் திடீரென்று நிறையப் பேர் ஒரே சமயத்தில் பேசினால், அந்த வேகத்தைப் பார்த்து வலைதளக்காரர்கள் அதைப் பட்டியலில் மேலே ஏற்றிவிடுவார்கள். "ஞாயித்துக்கிழம சரியா பத்து மணிக்கு எல்லாரும் ஒரே வார்த்தையப் போடுங்கடா" என்று நண்பர்களிடம் சொல்லிவைத்தேன். வயலுக்கு வழி காட்டும் வரைபடத்தையும் புத்திகெட்டுப்போய் நானே சேர்த்தேன்.

மதியத்துக்குள் மேலே வந்துவிட்டது. கடையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு அக்கா போன் செய்தார். "தம்பி, வயலுக்குள்ள வண்டிய உடுறாங்க. சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. கொஞ்சம் வந்து பாரேன்."

நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் பறிக்க ஆள் சொல்லிவைத்திருந்த பருத்தி, செடியோடு மிதிபட்டுக் கரிசல் மண்ணில் கிடந்தது. அக்கா திட்டவில்லை. "கல்லு என்னன்னுதான கேட்டேன். ஊரக் கூட்டச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முட்டையெல்லாம் இல்லை, கடலடியில் திரண்ட சுண்ணாம்புக் கல் என்றார். உடனே அதையும் போட்டேன். அதே நண்பர்களிடம் கெஞ்சினேன். "அப்புறமா போடுறேன் மாப்ள" என்றார்கள். ஒருத்தன் அன்றைக்குப் போட்டான், இன்னொருத்தன் இரண்டு நாள் கழித்துப் போட்டான். சொட்டுச் சொட்டாகப் போட்டால் எங்கே மேலே ஏறும்? சித்திரை வரைக்கும் முட்டை பார்க்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அக்கா இன்றும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார், அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தச் செய்தியாவது திடுதிப்பென்று மேலே ஏறி வந்தால், இது யாருடைய வயலை மிதித்துக்கொண்டு வருகிறதோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.