ஆறாத அப்பம்

குளிர்காலம் முழுக்கப் புரோகோப்பிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து, ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு காட்டைப் பார்ப்பான். உட்கார்வான், மறுபடி எழுவான்.

"காடு எங்கயும் ஓடிப்போயிடாது. மீன் ஆறுது, தின்னுங்க," என்பாள் மனைவி துயாரா.

பனி உறையும் வடகோடி யாகுத்தியாவின் அந்தச் சிற்றூரில் பதினாறு வருஷமாகத் தீயணைப்புக் குழுத் தலைவன் அவன். எரிந்த காட்டில் தீ அணைந்ததா என்று சொல்ல, மண்ணுக்குள் வெறுங்கையை விட்டு அடிக்கு அடி தடவிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் வேலை. போன ஆகஸ்டில் ஊரை ஒட்டிய காடு எரிந்து ஓய்ந்தபோது அதை அரை நாளில் முடித்தான். மழைக்கு முன் புல் அறுக்காவிட்டால் மாடுகள் குளிர்காலத்தைத் தாண்டாது. அவன் சொல்லுக்காக ஊரே அரிவாளோடு காத்திருந்தது. "அணைஞ்சாச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புல் அறுக்க ஓடினான். இப்போதெல்லாம் தீ பனிக்கடியில் கனன்று கிடந்து, மே மாதக் காற்றில் எழுந்து மிச்சக் காட்டையும் தின்னும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினான்.

மார்ச்சில் துயாராவின் தம்பி ஐத்தால் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"மச்சான், என் குதிரைங்களுக்கு யோகம்! கருகின காட்டோரம் ஒரு இடத்துல பனியே இல்ல. எல்லாம் அங்கயேதான் நிக்குது. காட்டுச்சாமி கண்ணத் தொறந்துட்டாரு. நேத்தே அப்பம் படைச்சுட்டேன்."

புரோகோப்பி சட்டென எழுந்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"என்ன மச்சான், சாமிக்கே குழி வெட்டப் போறியா?" என்று கேலி பேசிக்கொண்டே ஐத்தாலும் பின்னால் போனான்.

பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஈரமான கறுப்பு மண்ணைச் சுற்றிக் குதிரைகள் சொகுசாகக் கண்மூடி நின்றன. நடுவில் நேற்று வைத்த அப்பம். அது கல்லாக உறைந்திருக்க வேண்டும். புரோகோப்பி எடுத்துப் பார்த்தான். மெத்தென்று சூடாக இருந்தது. ஐத்தாலின் கையில் கொடுத்தான்.

ஐத்தாலின் சிரிப்பு நின்றது. "நீதானே அணைஞ்சிடுச்சுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்டா. புல்லு அறுக்கணும்னு."

அடிக்க வருபவன்போல ஐத்தால் நெருங்கினான். அந்தப் புல்லில் பாதியைத் தின்றது அவனுடைய மாடுகள்தான். கையை இறக்கிக்கொண்டு குதிரைகளை விரட்டினான்.

இரண்டாவது வெட்டிலேயே புகை வந்தது. மாலைவரை தோண்டித் தோண்டிப் பனியை அள்ளிக் கொட்டினார்கள்.

"இது ஒண்ணுதானே?" என்றான் ஐத்தால், மூச்சு வாங்க.

புரோகோப்பி நிமிர்ந்து காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"அன்னிக்கு ஏழு இடத்துக்கு அணைஞ்சாச்சுன்னு எழுதிக் கொடுத்தேன்."