பதினோரு மணிக் கூட்டம்

கால் முறிந்த என் மகள் இப்போது தேனியில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த பேருந்து, சில மாதங்களாகப் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போகிறது. கல்லூரி முடிந்து அங்கிருந்து தனியாக நடந்து வந்தவளை ஒரு பைக் இடித்துவிட்டது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறேன். கணவர் இறந்தபின் வீட்டில் நானும் அவளும்தான். இப்போது இரண்டு தோசை சுட்டதும் மாவை மூடி வைத்துவிடுகிறேன்.

பேருந்தின் வழியை மாற்றுமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்த அறிவிப்பை அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். தேதியைச் சொன்ன அதிகாரி, நேரத்தை என்னிடம் விட்டார். அலுவலக வசதிக்குப் பதினோரு மணி என்று போட்டேன். ஊரில் பாதிப்பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நல்லாட்சிப் பயிற்சிக்குப் போய், ‘பங்கேற்பு’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

கூட்டத்துக்கு நான்கு கடைக்காரர்கள் வந்தார்கள்.

“ஆட்சேபணைக்கு ஆளே இல்ல. அப்ப நம்மது நல்லாட்சிதாம்மா” என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதினேன்.

போன வாரம், மறுபடி கருத்துக் கேட்கச் சொல்லி ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்க ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். இறங்கிய பெண்களில் அடுத்த தெருக்காரி வாங்கிப் படித்தாள்.

“முன்னயும் நோட்டீசு ஒட்டுனாக. பதினோரு மணிக்காம்! அந்நேரம் மலையில காய் எடுக்குறவ பறந்தா வருவா? எந்தப் புண்ணியவான் போட்ட நேரமோ!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

சிரிப்பு நின்றது. “எங்க பிள்ளைகளும் அந்த ரோட்டுலதான ஆத்தா நடக்குதுக” என்றாள் அவள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் தினமும் போனில் கேட்கிறாள்: “பஸ்சு எப்பம்மா ஊருக்குள்ள வரும்? வந்தாத்தான் நான் வருவேன்.”

மனு கொடுத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். அந்த நேரத்தைப் போட்டது யார் என்று அவள் கேட்டதில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.