இறால் குளத்தைப் பேசவிடாத 0600

காலையில் முந்தலுக்குப் போகும் பஸ்ஸில் இறால் பண்ணைக்காரர் நிஸ்தார் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருடைய குளங்களில் ஒட்சிசன் குறைந்தால் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் சேவர் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

"ரெண்டு நாளா மெசேஜ் ஒண்டும் இல்ல சேர். எறால் எல்லாம் சொகமா ஈக்கி போல."

சேவரைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஸ்கிரிப்டை அந்த இரண்டு நாளுக்குச் சற்று முன்புதான் மாற்றியிருந்தேன். யாரும் கைவைத்துவிடக் கூடாதென்ற பயத்தில், எச்சரிக்கை அளவுகள் உள்ள கோப்புக்கு 0600 என்ற அனுமதி இலக்கத்தைக் கொடுத்தேன். உரிமையாளரைத் தவிர யாரும் வாசிக்க முடியாது. எச்சரிக்கை அனுப்பும் புரோகிராமோ வேறொரு பயனராக ஓடுகிறது; அதனாலும் வாசிக்க முடியவில்லை.

தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"கதவப் பூட்டினது சரி சேர். காவக்காரனையும் வெளிய விட்டா பூட்டின?"

மடிக்கணினியைத் திறந்தேன். கோப்பைக் கையால் திருத்தினால் ஸ்கிரிப்ட் மறுபடி பூட்டிவிடும். ஆகவே ஸ்கிரிப்டிலேயே 0640 என்று மாற்றி, புரோகிராமின் குழுவுக்கு வாசிக்கும் அனுமதி கொடுத்து ஓடவிட்டேன்.

உடனே நிஸ்தாரின் போன் அலறியது. இரண்டாம் குளத்தில் ஒட்சிசன் குறைவு.

அவர் பண்ணைக்கு அழைத்தார். "ரெண்டாம் குளத்துல காத்தடிக்கிற சக்கரத்தப் போடு, ஓடு."

சற்று நேரத்தில் பதில் வந்தது. இறால்கள் மேலே வந்து தத்தளித்தனவாம், ஆனால் உயிர் இருக்கிறதாம்.

"அல்ஹம்துலில்லாஹ். இனி மெசேஜ் வராட்டி ஒங்களுக்குத்தான் கோல் எடுப்பன் சேர்."

சொன்னபடியே எடுக்கிறார். மத்தியானத்திலிருந்து மெசேஜ் வராத நேரமெல்லாம் எனக்குக் கோல் வருகிறது. இதைப் பூட்டவும் ஒரு அனுமதி இலக்கம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.