ஆரத்தி நிறம் பிடித்த பலகை

ஜெனிட்டாவுக்கு என்ன வேலை என்று செங்கல்பட்டில் அவள் தெருவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. மாமியார் ஜெசிந்தாவிடம் கேட்டால், "மகாபலிபுரத்தாண்ட ஒரு மியூசியத்துல பொருளுங்கள பாத்துக்கறா" என்பாள்.

"அப்ப வாச்மேன் வேலையா?"

"வாச்மேன் கதவ பாத்துக்குவான். இவ உள்ள கீறதுங்கள பாத்துக்குவா."

சும்மா சொல்லக் கூடாது, அவள் பார்க்கும் ரெஜிஸ்திரார் வேலையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தனியார் மியூசியம். அங்கே ஒரு பொருள் வந்து இறங்கினால் முதலில் ஜெனிட்டாதான் அதன் உடம்பைப் பார்ப்பாள். எங்கே கீறல், எங்கே விரிசல், எந்த மூலையில் சாயம் உதிர்ந்திருக்கிறது என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். திரும்பிப் போகும் அன்றைக்கும் அதே மாதிரி பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் பொருள் வைத்திருக்கும் அறைச் சாவி அவள் இடுப்பில். உப்புக் காற்று புகாமல், ஈரம் ஏறாமல், பூச்சி வராமல் பார்த்துக்கொள்வாள். அவள் இல்லாமல் அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். ஆயுத பூஜைக்காக.

அதற்கு முந்தின வருஷம் அந்த அறையில் பூஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புகை ஆகாது, தண்ணீர் ஆகாது என்பதுதான் காரணம். ஆனால் வெளியே பேச்சு வேறு மாதிரி போனது. "சர்ச்சுக்குப் போற பொண்ணு, நம்ம பூஜையை எப்படி வுடும்" என்று தோட்டக்காரர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதனால் இந்த வருஷம் லோகு வந்து தலையைச் சொறிந்தபோது அவளால் மறுக்க முடியவில்லை. லோகு பொருள்களைத் தூக்கி இறக்குகிறவன். மீனவக் குப்பத்துப் பையனாக வந்தவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன்.

"யக்கா, தள்ளுவண்டிக்கும் ஏணிக்கும் மட்டும் பொட்டு வெச்சிட்டு வந்துர்றேன். சூடம் வெளியவே காட்டிக்கலாம்."

"வேற எதையும் தொடக் கூடாது."

"நான் இன்னா நேத்து வந்தவனா?"

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். கூடப் போய் நின்றிருக்க வேண்டும். பூஜை செய்கிறவன் முதுகுக்குப் பின்னால் போலீஸ்காரி மாதிரி நிற்பானேன் என்று கூச்சப்பட்டு, வாசலில் எல்லாரோடும் நின்று பொரியும் கடலையும் தின்றாள். அவன் வெளியே வந்ததும் எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டினாள். அப்புறம் விடுமுறை.

விடுமுறை கழித்து வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே வசுமதியின் பலகை இருந்தது. வசுமதி சென்னையில் இருக்கும் கலைஞர். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் தேய்ந்துபோன உளிகளைக் கேட்டு வாங்கி, ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பலகை வார்த்து, அதில் வரிசையாகப் பதித்திருந்தார். கண்காட்சிக்கு இரவல் கொடுத்த பொருள். திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். அதற்காகத்தான் போர்வையை எடுத்துவிட்டு, பெட்டியில் வைக்கத் தயாராகச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள்.

ஒவ்வொரு உளியின் தலையிலும் சந்தனம், குங்குமம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊர் வழக்கப்படி மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்தக் கைக்கும் தெரியும். வெள்ளைப் பலகை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக ஊறி, வழிந்து, காய்ந்து கிடந்தது.

லோகுவைக் கூப்பிட்டாள். அவனுக்கும் முகம் செத்துப்போனது.

"மஞ்சத் தண்ணிதானேக்கா தெளிச்சேன். இப்டி செவக்கும்னு தோணலையே."

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆனா உளிக்கா அது. உளி அத்தனையும் மொட்டையா கெடக்குது, ஆயுத பூஜையும் அதுவுமா. ஏணிக்கு வெச்சிட்டு உளிக்கு வெக்காம எப்டி வர்றது? எங்க மாமன் பட்டறையில கேட்டா செருப்பால அடிப்பாரு."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். அவன் ஈரத் துணியைத் தேடினான். "கை வெச்சே, அவ்ளோதான்" என்று தடுத்துவிட்டாள். துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

மேனேஜர் கோபாலகிருஷ்ணன் வந்து பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"இதப் பாரும்மா. வெளிய தெரிஞ்சா இனி எந்த ஆர்ட்டிஸ்ட்டும் நமக்குப் பொருள் தர மாட்டாங்க. லோகுவ வெச்சிருக்க முடியாது. உன்னையும் மேல கேப்பாங்க."

"அப்ப என்ன சார் செய்யச் சொல்றீங்க?"

அதற்கு, ஓரமாக நின்றிருந்த லோகுதான் வாயைத் திறந்தான். "பட்டறையில முனிசாமி அண்ணாத்த கீறாரு. மேலாக்க ஒரு பூச்சு பூசிக் குடுத்தாருன்னா, செஞ்ச அந்தம்மாவுக்கே தெரியாது. நாளைக்கே இட்டாந்துர்றேன்."

மேனேஜர் அவனை அதட்டவில்லை. ஜெனிட்டாவைப் பார்த்தார். "திங்கக்கிழமை பாத்துட்டு, வந்த மாதிரியே இருக்குன்னு நீ சொல்லணும். அவ்வளவுதான்."

அவள் அறையைப் பூட்டினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றாள்.

அந்த இரண்டு நாளும் அவள் சோறு தின்றது பேருக்குத்தான். பூசிவிட்டால் லோகு பிழைப்பான், அவள் பிழைப்பாள், யாருக்கும் நஷ்டமில்லை. லோகுவின் பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஆனால் நினைத்துப் பார்த்தால் அவள் வேலை என்பதே அவள் வாய்ச்சொல்தான். இது வந்தபோது இப்படி இருந்தது, போகும்போது இப்படி இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்புகிறார்கள். அந்தச் சொல் ஒரு தடவை பொய்த்துவிட்டால், அறைக்குள் இருக்கும் எதைப் பற்றியும் அவள் சொன்னதற்கு அப்புறம் என்ன மதிப்பு? யார் என்ன சொன்னாலும் சரி, அந்த நினைப்பில் தப்பில்லை.

ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போகிற வழியில், ஜெசிந்தாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வசுமதிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். லோகுவின் பெயரைச் சொல்லவில்லை.

"பூஜைக்காக நான் கதவைத் திறந்துவிட்டேன் மேடம். உள்ள நிக்காம வெளிய நின்னேன். தப்பு என்னோடது."

"துடைச்சீங்களா?" என்று மட்டும் வசுமதி கேட்டார்.

"இல்ல. யாரையும் தொட விடல."

"நாளைக்கு வரேன்."

மேனேஜருக்கும் சொல்லிவிட்டாள். அவர் போனை வைத்த சத்தம் காதில் அறைந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை வசுமதி வந்து பலகையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சிவந்த இடத்தை விரலால் தொடாமல், விரலை அதன் மேலே காற்றில் நகர்த்திப் பார்த்தார்.

"யார் வெச்சது?"

"கதவு என்னுது மேடம்" என்றாள் ஜெனிட்டா.

தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற லோகு தொண்டையைச் செருமினான். "நான்தாம்மா. அக்கா தொட வேணாம்னுதான் சொல்லிச்சு. உளியாச்சேன்னு வெச்சிட்டேன்."

வசுமதி அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. "வெச்சது எனக்குப் புரியுதுப்பா. ஆனா இது ஒரே வார்ப்பு. திரும்ப வராது." பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "இந்தப் பையன வேலைய விட்டு அனுப்பாதீங்க. அவன் பொய் சொல்லல. ஆனா இனிமே என்னோட பொருள் எதுவும் இங்க வராது."

பலகையைப் பெட்டியில் வைக்கும்போதும் ஜெனிட்டாதான் பக்கத்தில் நின்று, இங்கே பஞ்சு வை, அங்கே நாடா கட்டு என்று சொன்னாள். வண்டி தோப்பைத் தாண்டிப் போனதும் கோபாலகிருஷ்ணன் கையை நீட்டினார். இடுப்பில் இருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். மேலிடம் முடிவு சொல்லும்வரை அவள் அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு.

மறுநாள் காலை மேனேஜர் கதவைத் திறந்து லோகுவை உள்ளே அனுப்பினார். ஜெனிட்டா வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"சுவத்துல மாட்டியிருக்கற மீட்டர்ல ஈரம் எவ்ளோ காட்டுது, லோகு?"

அவன் சொன்னான்.

"ஜாஸ்தி. ஈரம் உறிஞ்சற மிஷினைப் போட்டு வுடு."

"நீயே வந்து பாக்கக் கூடாதாக்கா?"

"கூடாது. பேசிக்கினு நிக்காத, கதவச் சாத்து. உப்புக் காத்து உள்ள போவுது பாரு."