மூன்றாவது கூப்பாடு

மகன் ஸ்பெயினில் எடுத்த படத்தை நீட்டினான். “கோர்டோபா, அம்மா. நம்ம மதுரை மாதிரியே ஆத்தங்கரை ஊரு. இது அங்க உள்ள பழைய மசூதி.”

சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குக் கீழே, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன தூண்கள். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் நாயக்கர் மகாலில்தான் கோர்ட்டு. வயல் வழக்குக்கு அலங்காநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்த அய்யா, சிறுமியான என்னையும் கூட்டிவந்திருந்தார். தூணைக் கட்டிப்பிடித்துப் பார்க்கப் போன நான் வழி தவறிவிட்டேன். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த வாடை. எந்தத் தூணும் ஏற்கெனவே பார்த்த தூணாகவே இருந்தது.

“ஏ, பேச்சி!”

அய்யா குரல்தான். ஆனால் ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தாள்: “உச்சிவேளையில யாரு கூப்பிட்டாலும் மூணாந்தடவைதான் ஏன்னு கேக்கணும். முனி ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது.”

வாயைப் பொத்திக்கொண்டேன். மேற்கூரை என் பெயரைத் திருப்பிச் சொன்னது. இன்னொரு மூலையும் சொன்னது. அவற்றைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?

“பேச்சி, எங்க தாயி இருக்க?” குரல் உடைந்து அழுதது.

முனி அழாது. குரல் வந்த பக்கம் ஓடினேன்.

“அம்மா... அம்மா...” மகன் என் தோளை உலுக்கினான். வெளியே உச்சி வெயில்.

“அம்மா!”

அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. “ஏம்ப்பா?”